சூரியநெல்லி கோயில் வாசலில் ஒரு பூசை

சனிக்கிழமை காலை 5.40. எலப்புள்ளியில் பொள்ளாச்சி பஸ் ஏறும்போது என் பையில் இரண்டு பொருட்கள் இருந்தன. தங்கை லூர்து மேரிக்கு முறுக்கு. அவள் கணவர் முருகேசனுக்கு ஒரு ஞான உபதேசப் புத்தகம். பதினாறு வருடம் முன்பு கத்தோலிக்கக் கோயிலில் வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. ஆனால் முருகேசன் இந்துவாகவே இருக்கிறார். நானோ எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவன்; வாய் சும்மா இருக்குமா? போகும்போதெல்லாம் பிரசங்கம்தான். போனில் தங்கை கறாராகச் சொல்லியிருந்தாள்: "அண்ணே, மறுபடியும் அவருகிட்ட அதையே ஆரம்பிச்சேன்னா இனி இங்க வராத. அவரு மரியாதைக்குப் பேசாம இருக்காரு. எனக்குத்தான் தாங்கல." சரி என்றேன். புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உடுமலைப்பேட்டையில் 12 ரூபாய்க்கு டீ. சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் வெயிலும் முள்மரமுமாக ஓடிய பாதை, மறையூரில் கரும்புப் பாகின் வாசனையோடு நின்றது. உருண்டை வெல்லம் ஒரு கிலோ வாங்கினேன், 110 ரூபாய். மூணாறில் பஸ் மாறி, சூரியநெல்லியில் இறங்கும்போது மணி நாலு. அங்கிருந்து தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வீடுகளான லயங்களுக்கு ஜீப், ஆளுக்கு 40.

"எந்த லயம் அண்ணாச்சி?" என்றார் டிரைவர். சொன்னேன். "முருகேசன் வீட்டுக்கா! ரோட்டுல ரெண்டு நாளா ஒத்த யான நிக்கி. அவரு இருக்காரு, நாளைக்குப் பூசைக்குப் பயமில்ல."

கல்யாணத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கால் வைக்காதவருக்கும் பூசைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணினேனே தவிர, கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிறு காலை 6.30. லயத்திலிருந்து கோயில் முக்கால் கிலோமீட்டர் ஏற்றம், இருபுறமும் தேயிலை, முப்பதடிக்கு மேல் தெரியாத பனி. முருகேசன் கழுத்தில் விசிலோடு முன்னால் நடந்தார். தகரக் கூரை போட்ட சிறிய கோயில்; பக்கத்தில் வாழை. எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் மட்டும் கேட்டருகே நின்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்த வாக்கு பறந்தது.

"ஏனுங்க மாப்ள, பதினாறு வருசமா வெளியவே நின்னா எப்படிங்க? இன்னைக்கு ஒரு நாளாச்சும் உள்ளார வாங்க." கையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்ல மச்சான், ரோடு..." என்றார். மச்சான் பிடித்த கையை உதற மனமில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்த தங்கையின் முகம் மாறியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியொரு மடையன் நான்.

பிரசங்கத்தின் நடுவில் வெளியே வாழை முறியும் சத்தம். பின்னாலேயே ஒரு பெண்ணின் அலறல். முருகேசன் பாய்ந்து ஓடினார். வாழைக்கு நடுவே யானை; தாமதமாக ஏறி வந்த இரண்டு பெண்கள் கேட்டுக்கு இருபதடி கீழே உறைந்து நின்றார்கள். அவர் விசிலை விடாமல் ஊதி, கேட்டில் தொங்கிய தகரத்தைத் தட்டி, அவர்களைத் தேயிலைக்குள் குனிந்து நகரச் சொன்னார். யானை யோசித்தது. பிறகு மெதுவாகச் சரிவில் இறங்கியது. பெண்கள் உள்ளே வந்து சேரும்வரை நான் கோயில் வாசலைவிட்டு நகரவில்லை.

லூர்து மேரி என்னிடம் வந்தாள். கத்தவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "சாமி வேணாம்னு அவரு வெளிய நிக்கல அண்ணே. நாங்க கண்ண மூடி ஜெபிக்கணும்னு நிக்காரு."

பூசை தொடர்ந்தது. நான் உள்ளே போகவில்லை. முருகேசனோடு கேட்டருகே நின்றேன். "மன்னிச்சுக்கோங்க மாப்ள" என்றேன். "விடுங்க மச்சான்" என்றார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். அங்கிருந்து பூசை முழுவதும் தெளிவாகக் கேட்டது, ஒரு வார்த்தை பிசகாமல். ஒவ்வொரு ஞாயிறும் அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரம், உள்ளே மணி அடித்தது. முருகேசன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்றார். பார்வை மட்டும் ரோட்டில்.

"இந்த மணிக்கு எல்லாரும் மண்டி போடுதீங்களே மச்சான், அந்த நேரம் அங்க என்ன நடக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சின்னக் குரலில் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "நீங்க வரும்போதெல்லாம் பேசிக்கிட்டே இருந்தீங்களா, இடையில கேக்க முடியல."

மதியம் 12.10க்கு மூணாறு பஸ். எங்கள் எலப்புள்ளிக் கோயில் வாசலில் ஸ்கூட்டர்கள்தான் நிற்கும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. புத்தகம் பையிலேயே ஊருக்குத் திரும்பியது. பஸ் கிளம்பும்போது முருகேசன் ஜன்னலருகே வந்தார்.

"அடுத்த தடவ ரெண்டு நாள் தங்குற மாதிரி வாங்க மச்சான். இன்னும் கேக்க வேண்டியது இருக்கு."