ஆஷாவின் தட்டு

இசக்கிசெல்விக்குப் பசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்த பெண்ணுக்குப் பசிக்காமல் இருக்குமா? பொன்முடிக் குளிரில் கண் விழிக்கும்போதே பசிக்கும். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த பிறகும் அந்தப் பசி கூடவே வந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறும் இருந்தது, அம்மா அதற்குப் பணமும் கட்டியிருந்தாள். பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் இல்லை.

முதல் வாரத்தில் அவள் தட்டை ஏந்திக்கொண்டு மெஸ்ஸில் நின்ற நிற்பை நினைத்தால் கோபம்தான் வருகிறது. நீளமான பெஞ்சுகள். காலியாகத் தெரிகிற இடத்திலெல்லாம் ஒரு பை, ஒரு துப்பட்டா, ஒரு தண்ணீர் பாட்டில். "இவிட ஆளுண்டோ?" என்று கேட்பாள். "ஆளுண்டு" என்று பதில் வரும். அந்த ஆள் வருகிறாரா என்று பார்க்க நிற்கமாட்டாள், அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவாள். அவர்கள் ஒன்றும் கெட்ட பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டமாக வந்தவர்கள், கூட்டமாகச் சாப்பிட்டார்கள். செல்வியின் மலையாளத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவள் படித்ததே அதில்தான். ஊர் எதுவென்று கேட்பார்கள். "பொன்முடியோ! நல்ல தணுப்பாயிரிக்கும், அல்லே?" என்பார்கள். குளிரைப் பற்றி, டூர் போய் வந்தவர்கள் பேசுகிற பேச்சு. அந்தக் குளிரில் அம்மா நனைந்த கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போவாள் என்று சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும். அதனால் "ஆமா" என்று சிரித்து வைப்பாள்.

முதல் மாதம் முடிவதற்குள் மெஸ்ஸை விட்டாள். காலையில் ஒன்றும் கிடையாது. மத்தியானம் கான்டீனில் ஒரு முட்டை பப்ஸும் கலர் சோடாவும் வாங்கிக்கொண்டு லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுக்குப் போவாள். சாயங்காலம் ரூமில் கெட்டிலில் வெந்நீர் வைத்து நூடுல்ஸ். படிக்கட்டில் தண்ணீர் பாட்டில்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டால் பிறகு அவள் தனி ஆள் இல்லை. திரையில் ஒருத்தி அண்டா நிறைய நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். ஒருவர் வாழையிலை நிறைய பிரியாணியைக் குவித்து மொத்தத்தையும் காலி செய்வார். அதற்கடுத்து இன்னொருவர், இன்னொருவர். அடுத்தவர் தின்பதைப் பார்த்தே வயிறு நிறையும் என்றால், ஹோட்டல் வாசலில் காவல் நிற்கிறவர்கள் எல்லாம் தொப்பை போட்டிருப்பார்கள். செல்வி மெலிந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. வகுப்புக்கு மணி அடித்த பிறகும் விரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

இனி அம்மாவைச் சொல்லவேண்டும். கோமதியம்மாள் அதே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். செல்வி ஆறாவது படிக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது தாயும் மகளும்தான். அந்த லயத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வாயில் முதல் கவளம் போன பிறகுதான் தாய் தன் தட்டைத் தொடுவாள். சோறு குறைவாக இருந்த காலத்தில் வந்த வழக்கமாக இருக்கும். சோறு தாராளமாகக் கிடைத்த பிறகும் அது போகவில்லை. மகள் மலை இறங்கிப் படிக்கப் போனபோது கோமதியம்மாளின் கவலை பரீட்சையைப் பற்றியல்ல.

லயத்தில் சிக்னல் கிடையாது. ரோடு வளைகிற ஒரு திருப்பத்தில் நின்றால் கொஞ்சம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து நின்றுதான் அம்மா பேசுவாள்.

"மெஸ்ல என்ன கறி மக்ளே வைக்காவ? நல்லா திங்கியா?"

"திங்கேம்மா."

"என்ன தின்ன?"

"நாளையிலேருந்து ஸ்டேட்டஸ்ல போட்டோ போடுதேன், நீயே பாத்துக்கோ" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் மெஸ்ஸுக்குப் போனாள். அவளுடைய ரூமில் இருக்கும் ஆஷா, ஆற்றிங்கல்காரி, தன் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் குத்தரிசிச் சோறு, மோர்க்குழம்பு, பயறு தோரன், ஒரு துண்டு வறுத்த மீன். "ஒரு போட்டோ எடுத்தோட்டே?" என்றாள் செல்வி. ஆஷா சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்தாள். செல்வி படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில், பார்த்தவர்கள் பட்டியலில் அம்மாவின் பெயர் வந்தது.

அதன் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. ஆஷாவுக்கும் பழகிவிட்டது, செல்வி வரும் வரை சோற்றைப் பிசையாமல் வைத்திருப்பாள். இன்ஸ்டாகிராமுக்கு ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "நீ கழிக்குந்நில்லே?" என்று ஒருநாள் கேட்டாள், நீ சாப்பிடவில்லையா என்று. "பின்னே" என்றாள் செல்வி, அந்தப் பின்னே வரவே இல்லை.

செல்விக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மத்தியான இடைவேளையில் மற்ற பெண்கள் மரத்தடியில் வட்டமாக உட்காரும்போது, கோமதியம்மாள் தூக்குவாளியோடு அந்தத் திருப்பத்துக்கு ஏறுவாள். போனில் மகளுடைய தட்டு வரும் வரை நிற்பாள். வந்த பிறகு அங்கேயே கல்மேல் உட்கார்ந்து வாளியைத் திறப்பாள். மகள் பட்டினி கிடந்த அந்த மாதங்களில் தாய் வயிறார சாப்பிட்டாள், மகளோடு சேர்ந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் செல்வி கெமிஸ்ட்ரி லேபில் மயங்கி விழுந்தாள். கையிலிருந்த பிப்பெட் உடைந்தது. ஹெல்த் சென்டரில் டாக்டர் சாவித்ரி, கோட்டை அக்கிரகாரத்துத் தமிழர், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ரத்தம் இல்லை என்று சொன்னார்.

"மத்தியானம் என்னடி சாப்பிடறே?"

"பப்ஸ்."

"எங்க உக்காந்து?"

செல்வியின் கண் கையிலிருந்த போனுக்குப் போனது. டாக்டர் அவள் போனை வாங்கி, ஒரு நாளில் எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று அதிலேயே இருந்த கணக்கை எடுத்துக் காட்டினார். தேயிலைக் காட்டில் ஒரு முழு நாள் வேலைக்கு அது ஈடாகும்.

"போனைப் பாத்துண்டே சாப்பிட்டா, சாப்பிட்டது நீயா அதுவான்னு வயத்துக்கு எப்படித் தெரியும்? மூணு வேளை சாப்பாடு. அந்த நேரத்துல இது கையில இருக்கப்படாது" என்று மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

செல்விக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. அம்மா மலையில் தனியாக, தான் இங்கே லேபில் விழுந்து கிடந்தால் யார் போய்ச் சொல்வது? அன்றைக்கே இன்ஸ்டாகிராமை அழித்தாள். மறுநாளிலிருந்து போனைக் காலையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டினாள், சாயங்காலம்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டாள்.

போனில்லாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணை எங்கே வைப்பது? எதிரில் இருப்பவரைப் பார்த்தால் தப்பு, சுவரைப் பார்த்தால் பைத்தியம். முதல் நாள் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில், எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து, சோற்றை மட்டும் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஆஷா, "இங்ஙோட்டு வா" என்று தன் பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் பேசிய ஆட்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள்.

ஆனால் தின்றாள். தோரனில் தேங்காயோடு சீரகமும் அரைத்துப் போடுகிறார்கள் என்று அப்போதுதான் நாக்குக்குத் தெரிந்தது. மணி ஒன்று ஆனால் வயிறு கூப்பிட ஆரம்பித்தது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. இப்போது நிஜமாகவே சாப்பிடுகிறோமே, இனி பொய்ப்படம் எதற்கு என்று நிம்மதியாக இருந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

இரண்டு ஞாயிறு அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பேசிய அம்மா மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"படம் ஒண்ணும் காணல்ல?"

"பகல்ல போன உள்ள வச்சுப் பூட்டிருதேம்மா. நல்லா சாப்பிடுதேன். சத்தியமா."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. இத்தனை மாதமும் பொய் சொன்னபோது ஒருதரம்கூட சத்தியம் செய்ததில்லை. சோறு தின்றதற்கு யாராவது சத்தியம் செய்வார்களா? "ம்" என்றாள் அம்மா. லைன் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை, நேரிலேயே வந்துவிட்டாள். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஹாஸ்டல் விசிட்டர் ரூமில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தோளில் ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து செல்விக்குத் திக்கென்றது.

"என்னம்மா, மேலுக்கு முடியலியா?"

"முதல்ல தின்னு."

வாளியில் மரச்சீனிக் கிழங்கு மசித்ததும் அயிலைக் குழம்பும் இருந்தன. செல்வி ஒரு வாய் எடுத்தாள். அம்மா அந்தக் கை வாய்க்குப் போவதையும், மெல்வதையும், தொண்டை அசைவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு தானும் கையை வைத்தாள். அவள் சாப்பிட்ட வேகத்தில் செல்வி தன் கையை எடுத்துவிட்டாள். மீன் முள்ளைக்கூடப் பார்க்காமல் தின்றாள்.

"காலைல சாப்பிடலியாம்மா?"

"நேத்தும் இல்ல" என்றாள் கோமதியம்மாள், சாதாரணமாக. "மத்தியானம் வளைவுல போய் நிப்பேன். உன் தட்டு வராது. எனக்கு எறங்காது பாத்துக்கோ. வேலைக்கு மணி அடிச்சுருவான். பின்ன சோத்த சூப்பர்வைசர் வீட்டு நாய்க்குப் போட்டுட்டு வந்துருவேன். ராத்திரி கட்டஞ்சாயா குடிப்பேன், கொஞ்சம் கஞ்சி குடிப்பேன்."

செல்விக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாமேலா தன்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"எம்மா, நீ பாத்ததெல்லாம் ஆஷா தட்டு! நான் தின்னதே இல்ல. மயங்கி விழுந்தேன், டாக்டர் ஏசினாவ. இப்பதான் தின்னுதேன். போட்டோ போடாத நாள்லதான் தின்னேன்!"

கோமதியம்மாள் குழம்பு ஒட்டிய விரல்களோடு அப்படியே இருந்தாள். அழுவாள் என்று செல்வி எதிர்பார்த்தாள்.

"அப்ப," என்றாள் அம்மா, "நான் தின்னது?"

அதற்குமேல் கேட்கவில்லை. மகள் காய்ந்து கிடந்தபோது தான் கல்மேல் உட்கார்ந்து ருசித்துத் தின்ற அத்தனை சோறும் அவள் முகத்தில் ஒன்றாக வந்து நின்றது. செல்விக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் செல்விதான் பேசினாள். இனிப் படம் வேண்டாம். மணி ஒன்றானால் அம்மா அங்கே தின்ன வேண்டும், தான் இங்கே தின்பேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கோமதியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதும் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலமாரியைத் திறந்து போனை எடுத்தபோது, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம் தெரிந்தது. கோமதியம்மாள் ஜென்மத்தில் ஸ்டேட்டஸ் போட்டதில்லை. யாரிடமோ கேட்டுத்தான் போட்டிருக்க வேண்டும். செல்வி தொட்டுத் திறந்தாள். தூக்குவாளி. பாதிப் படத்தை அம்மாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது. வாளி காலியாக இருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அடியில் குழம்பு ஒட்டியிருக்கிறதா, பருக்கை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேடினாள். பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் கலங்கிப்போனது. தின்றாலும் வாளி காலியாகும், நாய்க்குப் போட்டாலும் காலியாகும். படத்தைக் காட்டி ஆளை நம்பவைக்கும் வித்தையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். இப்போது யாரிடம் போய்க் கேட்பது? போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது.

மறுநாள் மத்தியானம் மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். இறங்கவில்லை. அம்மாவுக்கு இத்தனை நாள் எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு வாய்ச் சோற்றில் தெரிந்துபோனது. அம்மா இந்நேரம் மரத்தடியில் மற்றவர்களோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாள் என்று நம்பினால்தான் இது தொண்டையைத் தாண்டும். நம்புவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தாள்.