முதலாளி முகம் போட்ட இஞ்சி பிஸ்கட்

என் நாத்தனார் கோபம் வந்தால் கத்த மாட்டார். மாவு பிசைவார். கல்யாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல், வாரத்தில் மூன்று நாள் பிஸ்கட் கிடைக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பதினான்கு வருஷம் பேக்கரியில் வேலை பார்த்தவர். கேக் மேல் ஐசிங் போடுவதில் அவரை அடிக்க ஊரில் ஆள் இல்லை. போன வருஷம் அங்கே ஒரு பெட்டி வெண்ணெய் காணாமல் போனது. முதலாளி வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக இவருடைய கைப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலித் தைலம், ஒரு பழைய துண்டு. கூட வேலை செய்த ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெண்ணெய் கிடைக்காததால், அதற்குள் வீட்டுக்குக் கடத்திவிட்டாள் என்று சொல்லி வேலையை விட்டே நிறுத்திவிட்டார். திருடி என்ற பேர் இவருக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மற்ற பேக்கரிக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கே ஆத்திரம் வந்தது. அவருக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதே மேஜை, அதே ஆறு பேர், அங்கே நின்று அந்த ஆள் தன் வாயால் இவர் திருடவில்லை என்று சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு வீட்டிலேயே இஞ்சி பிஸ்கட் போட்டு விற்க ஆரம்பித்தோம். மனித உருவத்தில் வெட்டிச் சுடுகிற வகை. சோடா உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் உருவம் உப்பிவிடும், அதனால் தொழில் தெரிந்தவர்கள் பயந்து பயந்து போடுவார்கள். இவர் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை கூட்டினார். அடுப்பிலிருந்து வந்த ஒவ்வொரு மனிதனுக்கும் தொப்பை. ஆறியதும் கெட்டி ஐசிங்கால் தூக்கிய ஒற்றைப் புருவம், வலது கன்னத்தில் மச்சம், தொப்பைக்குக் கீழே இறங்கிய பெல்ட். முதலாளி தட்டில் வரிசையாகப் படுத்திருந்தார்.

ஊர் சிரித்தது. பிள்ளைகள் முதலில் தலையைத்தான் கடித்தார்கள். ஒவ்வொரு முறையும் என் நாத்தனார் முகத்தில் வந்த நிம்மதியை நான் என் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் பேக்கரியில் மாவு பிசைகிற அவருடைய தோழி, அந்த ஆறு பேரில் ஒருத்தி. வாரா வாரம் வந்து டப்பா நிறைய வாங்கிப் போவாள். அக்கா, அந்தப் புருவத்தை இன்னும் கொஞ்சம் தூக்குங்க என்று யோசனை வேறு சொல்வாள்.

மூன்றாவது வாரம் முதலாளியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெருவில் தலைகாட்ட முடியவில்லையாம். நடந்தது நடந்துவிட்டது, மறுபடி வேலைக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறை.

“பையை எங்க கொட்டினீங்களோ, அங்க வந்து சொல்லுங்க” என்றார் என் நாத்தனார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ஆறு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். முதலாளி தரையைப் பார்த்தே பேசினார்.

“இவங்க எடுக்கல. வெண்ணெய் ஃப்ரீசர்லதான் இருந்துச்சு, தட்டுக்கு அடியில. அன்னைக்குச் சாயங்காலமே கிடைச்சிருச்சு.”

“யார் எடுத்துக் குடுத்தா?” என்று கேட்டார் என் நாத்தனார்.

ஐந்து பேர் திரும்பித் தோழியைப் பார்த்தார்கள். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்டெடுத்துக் கொடுத்தது அவள்தான். ஆறு பேருக்கும் ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பாழாய்ப் போன பிஸ்கட் தின்ன மட்டும் அவளுக்கு வாய் இருந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. என் நாத்தனார் யாரையும் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தார். வேலைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வழி முழுக்க நான்தான் அந்தத் தோழியைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் மாவை எடுத்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“இனிமே யார் மேல அண்ணி கோவம்? அந்த ஆள்தான் சொல்லிட்டாரே.”

அவர் மாவை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

“அவ சிரிக்கும்போது எந்தப் பக்கத்துப் பல்லு வெளிய தெரியும்? நீ பாத்திருக்கியா?”