மதார் சாகிப்பின் வியாழக்கிழமைகள்

1951 பிப்ரவரி 24. குதிரை வண்டி, ஆஸ்பத்திரியிலிருந்து ராயபுரம்: ரூ. 1-4-0
பிப்ரவரி 26. பார்லி ஒரு டப்பா: ரூ. 1-2-0
மார்ச் 1. சீனி, பூந்தி: ரூ. 0-12-0
மார்ச் 8. சீனி, பூந்தி: ரூ. 0-12-0
மார்ச் 15. சீனி, பூந்தி, ஓதிப் பார்த்தவருக்குக் காணிக்கை: ரூ. 5-12-0
மார்ச் 24. கிழங்கான் மீன்: ரூ. 0-6-0
ஏப்ரல் 15. பானகம்: இனாம்
மே 20. ஆட்டுக்கறி: ரூ. 1-8-0

மதார் சாகிப் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் அடியில் கிடக்கும் மூட்டைகளை இரும்புக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்கும் இயந்திரம் அது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே நடப்பது தெரியாது. அதனால் திறப்பின் ஓரத்தில் அப்பாவு நின்று கை காட்டுவார். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் மெல்ல இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. பதினாறு வருஷமாக ஒருவர் கையை ஒருவர் நம்பிப் பிழைத்தவர்கள்.

வேலை செய்வதில் மட்டுமல்ல, சாப்பிடுவதிலும் மதார் சாகிப்புக்குப் பெயர் உண்டு. வண்ணாரப்பேட்டையில் கல்யாணம் என்றால், அவர் எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சமையல்காரர் அடுத்த பிரியாணித் தேக்சாவைத் திறப்பாராம். அப்படிப்பட்டவருக்கு வயிற்றுப் புண் வந்தது. சோடா உப்பைக் கரைத்துக் குடித்தே நாலு வருஷம் தள்ளினார். கடைசியில் பிப்ரவரி ஐந்தாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார்கள்.

இனிமேல் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் விளக்கமாகச் சொல்லி அனுப்பினார். முதலில் பார்லித் தண்ணீர், அதுவும் இரண்டிரண்டு வாய். பிறகு வடித்த கஞ்சி, பிறகு குழைந்த சோறு, அரை வேக்காட்டு முட்டை, மீன், எல்லாம் ஒத்துக்கொண்டபின் கறி. நாளுக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு பிடி. நன்றாக மெல்ல வேண்டும். இனிப்பு கூடாது.

அதே வாரம் துறைமுகத்திலிருந்து முதல் கடிதமும் வந்தது. மே மாதக் கடைசி வரை லீவு. அதற்குள் உடம்பு தேறி, துறைமுக டாக்டர் ஒப்புக்கொண்டால் பழைய வேலை. இல்லாவிட்டால் விஞ்ச்சில் வேறு ஆள் உட்காருவான்.

மதார் சாகிப் டாக்டர் சொன்னதை மந்திரம் போலக் கடைப்பிடித்தார். பார்லி இறங்கியது. கஞ்சி இறங்கியது. மனைவி ரஹீமுன்னிசா சோற்றை விரலால் மசித்துக் கொடுக்க, அதுவும் இறங்கியது. ஆனால் மார்ச் முதல் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலத் தொழுகை முடிந்து வீட்டில் சீனியும் பூந்தியும் வைத்து ஃபாத்திஹா ஓதிய சற்று நேரத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்தது. வேர்வை கொட்டியது. கால் துவண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டார். அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த வியாழக்கிழமையும் அதே நேரம், அதே கதை. மற்ற ஆறு நாளும் மனிதர் நன்றாக இருந்தார். சந்தில் ஒருவர் விடாமல் யோசித்து, இது ஜின்னின் வேலை என்று முடிவு கட்டினார்கள். அறுவை மேசையில் மயங்கிக் கிடந்தபோது ஏறிக்கொண்டதாம். மூன்றாம் வியாழக்கிழமை, ஓதிப் பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு செம்புச் சர்க்கரைத் தண்ணீரில் ஓதி ஊதி முழுவதையும் குடிக்கச் சொன்னார். அன்று ஜின் இரண்டு முறை வந்தது.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனபோது, இனிப்பு ஏதாவது சாப்பிட்டீரா என்று டாக்டர் கேட்டார். அல்லா சாட்சியாக இல்லை என்றார் மதார் சாகிப். அவர் பொய் சொல்லவில்லை.

மார்ச் 24ஆம் தேதி முதல் மீன். ரஹீமுன்னிசா காசிமேட்டுக்கு விடியற்காலையிலேயே போய்க் கிழங்கான் வாங்கி வந்து, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்து, முள் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு விரல் நீளத் துண்டை மதார் சாகிப் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பழைய நாளில் ஒரு சட்டி மீன் குழம்பிலும் இந்த ருசியைத் தான் கவனித்ததில்லை என்றார். வயிறு பெரிதாக இருந்தபோது நாக்குக்கு வேலையே கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று ரஹீமுன்னிசா இடித்தாள்.

உடம்பு தேறியது. இடுப்பில் வேட்டி நிற்க ஆரம்பித்தது. ஆனால் வியாழக்கிழமை மட்டும் தப்பவில்லை. மே 21ஆம் தேதி பரிசோதனைக்கு வரச் சொல்லித் துறைமுகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தபோது, போகப் போவதில்லை என்று மதார் சாகிப் அப்பாவுவிடம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமையை மறைத்து, திங்கட்கிழமையில் டாக்டரிடம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாமே என்று அப்பாவு யோசனை சொன்னார்.

"மூட்டை உன் தலைக்கு மேல தொங்கிகினு கீது. நான் கண்ணு சொருவிட்டேன்னு வெச்சிக்க. அப்போ உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அத்தோடு அப்பாவு அந்த யோசனையைக் கைவிட்டார்.

ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராமநவமி. அப்பாவு தண்டையார்பேட்டையில் தன் தெருப் பந்தலில் ஊற்றிய பானகத்தை ஒரு செம்பில் கொண்டுவந்தார். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் மணத்தது. சுக்கு வயிற்றுக்கு நல்லது என்று மதார் சாகிப் ஒரு டம்ளர் குடித்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, சுவரில் சாய்ந்தார்.

ரஹீமுன்னிசா துண்டோடு ஓடிவந்தவள், விசிறுவதை நிறுத்திவிட்டுக் காலியான டம்ளரையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம ஆச்சே. ஜின்னுக்குக் கெழமகூட மறந்து பூட்ச்சா?"

"எங்க ராமர் பானகத்துக்கு உங்க ஜின்னு இன்னாத்துக்குத் தங்கச்சி வர்து?" என்றார் அப்பாவு.

"ஜின்னும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. வெல்லம்."

அந்த வாரம் வியாழக்கிழமை ஃபாத்திஹாவின் சீனியும் பூந்தியும் அவள் சொற்படி அவருக்குக் கிடைக்கவில்லை. மயக்கமும் வரவில்லை. மறுநாள் ஒரு கட்டி வெல்லத்தைக் கையில் கொடுத்துத் தின்னச் சொன்னாள். தின்றார். சாய்ந்தார். அவர் சாய்ந்ததைப் பார்த்து ஒரு மனைவி அவ்வளவு சந்தோஷப்பட்டதை ராயபுரம் அதுவரை கண்டதில்லை.

மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இனிப்பே தின்னவில்லை என்று அன்றைக்கு ஏன் சொன்னீர் என்று டாக்டர் கேட்டார்.

"அது நேர்ச்சை சார். ஓதின பொருளு. அதைப் போய்த் தின்பண்டத்துல சேப்பாங்களா?"

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பழைய வயிறு வந்ததையெல்லாம் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு இறக்கும். இப்போது பிடித்துவைக்க இடமும் இல்லை, கதவும் இல்லை. இனிப்பு ஒரேயடியாகக் குடலில் போய் விழுகிறது என்று அவர் விளக்கினார். மயக்கத்தின் காரணம் அதுதான். இனிப்பை விட்டு, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினால் போதும். ஜின்னுக்கு மருந்து எழுத வேண்டியதில்லை.

"கயிறு அறுந்து மூட்டை தொம்முனு வுழுந்தா மாதிரி. அவ்ளோதான மாமு?" என்று மதார் சாகிப்பிடம் கேட்டார் அப்பாவு.

அன்றிலிருந்து அவர் வந்த வேளையெல்லாம் மதார் சாகிப்பின் எதிரில் உட்கார்ந்து கை காட்ட ஆரம்பித்தார். கவளம் வாய்க்குப் போனதும் உள்ளங்கை கவிழும்: மெல்ல இறக்கு. கை மறுபடி தட்டுக்கு அவசரப்பட்டால் முஷ்டி மூடும். ரஹீமுன்னிசாவுக்குச் சிரிப்புத் தாங்காது. அவளும் அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டாள். அப்பாவு இல்லாத வேளையில் அடுப்படியிலிருந்தே முஷ்டியைக் காட்டினாள்.

மே 20, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி. நன்றாகக் கொத்தி, மிளகாய் இல்லாமல், இஞ்சியும் மல்லியும் போட்டு வேகவைத்தது. குழைந்த சோற்றின் மேல் இரண்டு ஸ்பூன். அப்பாவுவின் விரல் மேலே சுழன்றது. மதார் சாகிப் முதல் வாயை மென்றார், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கியபின் மூவரும் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு படபடக்கவில்லை. வேர்க்கவில்லை. இன்னும் ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று கேட்டார். எதிரில் இரண்டு முஷ்டிகள் உயர்ந்தன.

மறுநாள் துறைமுக டாக்டர் எடை பார்த்தார், நெஞ்சு பார்த்தார், தழும்பைப் பார்த்தார். மதார் சாகிப் வியாழக்கிழமைக் கதையை ஒளிக்காமல் முழுவதும் சொன்னார். பிறகு ஒரு கப்பலில் அரைமணி நேரம் விஞ்ச் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓரத்தில் அப்பாவு நின்றார். மூட்டை கரைக்கு மேல் வந்ததும் அப்பாவுவின் உள்ளங்கை கவிழ்ந்து அசைந்தது. மதார் சாகிப்பின் வாய் தானாக மெல்ல ஆரம்பித்தது. அதைக் கண்ட அப்பாவுவுக்குச் சிரிப்பில் கை ஆடியது. ஆனாலும் மூட்டை பூப்போலத் தரையில் உட்கார்ந்தது.

பத்து நாள் பதில் இல்லை. லீவு முடியும் நாளன்று, பதினோரு மணிக்குத் தபால்காரர் சந்துக்குள் வந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பழைய விஞ்ச்சுக்கே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் ஃபாத்திஹா ஓதினார்கள். சந்து முழுக்கச் சீனியும் பூந்தியும் போயிற்று. மதார் சாகிப் இரண்டே மணிச் சீனியை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டார். அதற்கே அப்பாவு முஷ்டியை மூடிக் காட்டினார்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 1951 மே 31, வியாழக்கிழமை.