கெப்பர் பிடித்த மனிசன்

கொழும்பிலிருந்து மகள் போனில் ஒரு கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். "சரியான ரூடா கதைச்சவன் அம்மா." அதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை, பாவம். எங்களிடம் தாராளமாக இருந்தது. சின்னப்பிள்ளை எதிர்த்துக் கதைத்தால் வாய்க்கொழுப்பு. மருமகள் கதைத்தால் எடுத்தெறிந்து கதைக்கிறாள். அதையே மாமி கதைத்தால் உள்ளதைச் சொல்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தலைக்கனத்தோடு போகிறவனுக்குக் கெப்பர்.

இந்தக் கடைசிச் சொல்லை நான் ஒருவர்மேல் ஒட்டிவிட்டேன்.

முருங்கன் வயற்காரர் வீட்டுப் பெண் நான். முதல் வேலை பேசாலையில், ஒரு மீனவர் சங்கக் கந்தோரில் கிளாக்கராக. முதலில் கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தினேன். பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஒரு காலை, பக்கத்து வளவுச் சூசை அண்ணை வலையோடு எதிரே வந்தார். எங்கள் ஊரில் மண்வெட்டியோடு போகிறவரை "வயலுக்கோ?" என்று கேட்பதுதான் மரியாதை. சிரித்த முகத்தோடு கேட்டேன்.

"கடலுக்கோ அண்ணை?"

ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

"கெப்பர் பிடிச்ச மனிசன்" என்று கந்தோரில் சொன்னேன். கூட வேலை செய்த இருவரும் வெளியூர். அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். பிறகு ஒருநாள் கையெழுத்துக்கு வந்தவரை, கதிரை வெறுமையாகக் கிடக்க, அரை மணி நேரம் நிற்க வைத்தேன். அதற்கு என்ன சொல் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவர் மனைவி இதைக் கேள்விப்பட்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"பிள்ளை, தொழிலுக்குப் போற ஆளிட்ட கடலுக்கோ எண்டு கேட்டா அது சகுனப்பிழை, அண்டைக்குக் கடலில இறங்கிறேல்லை. அண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பெரியேல்லை. ஆர் கேட்டதெண்டு எனக்கு மட்டும்தான் சொன்னவர். ஊர்ச்சனம் உங்களை ஏசுமெண்டு வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வெட்கத்தில் குறுகிப்போனேன். மறுநாள் விடிந்ததும் மன்னிப்புக் கேட்க வேலியோரம் நின்றேன். வலையோடு வந்தார். வாயைத் திறந்தால் இன்றைய தொழிலையும் கெடுத்துவிடுவேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒதுங்கி நின்றேன். அவர் கரையை நோக்கி நடந்தார். பின்னேரம் கேட்போம் என்றிருந்தேன். மத்தியானமே சண்டை மூண்டு ஊருக்குள் ஷெல் விழத் தொடங்கியது. சனம் திக்குக்கொன்றாகச் சிதறியது. சூசை அண்ணை குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டதாகப் பிறகு அறிந்தேன். திரும்பி வரவில்லை.

போன மாதம் பேசாலைக் கரைக்குப் போயிருந்தேன். "எங்க, கடலுக்கோ?" என்று ஒருவர் கேட்க, "ஓம், வேறெங்க" என்று போனைக் காதில் வைத்தபடியே ஒருவர் படகைத் தள்ளினார். இப்போது அங்கே யாரிடமும் எதுவும் கேட்கலாம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்தான் இல்லை.