ஆடும் கையும் ஆடாத தோணியும்

தோணிக்காரனுக்கு ஒரே சட்டம்தான்: கை ஆடலாம், தோணி ஆடக்கூடாது. இது ஏறுகிற சனத்துக்குத் தெரியும், அரசாங்கக் கச்சேரிக்குத்தான் தெரியாது.

வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவில் பதினைந்து வருசம் தோணி விட்டவன் நான். நாற்பது வயதில் வலது கை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. கிரான் ஊர்ப் பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து நடுக்குவாதம் என்றார். இதில் ஒரு வேடிக்கை, சும்மா இருந்தால் ஆடுகிற கை, தோணி தள்ளுகிற தாங்குகோலைப் பிடித்தால் அடங்கிவிடும். பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் எட்டு வயது மகள் பூரணமும் நானும்தான். அதிகாரிமாரிடம் மாட்டின தகப்பன்மாரே, மிச்சத்தைக் கேளுங்கள்.

விதானையாரின் மூக்கு

உலக யுத்தக் காலம். அரிசிக் கூப்பனில் மகளின் பேரைச் சேர்க்க ஊர்த் தலைமைக்காரர் விதானையாரிடம் போனேன். சும்மா நின்றேன், கை ஆடியது. வாயை ஊதச் சொன்னார். ஊதினேன், வெற்றிலை மணம்தான். மூன்றுதரம் ஊதவைத்தார். மனுசன் மூக்கை என் வாய்க்குள்ளேயே விட்டுவிடுவார் போல இருந்தது. இனி நம்பிவிடுவார் என்று நினைத்த நானும் ஒரு மடையன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மணக்காத சாராயம் எங்க வடிக்கிறாய்? எனக்கும் ஒரு போத்தல் கொண்டு வா."

நாளைக்கு வரும் காய்ச்சல்

குடிகாரன் இல்லை என்று ஒரு துண்டு எழுதி வாங்க ஆசுபத்திரி அப்போதிக்கரியிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்துவிட்டுக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாவை ஊற்றினார். காய்ச்சலே இல்லை ஐயா என்றேன்.

"காய்ச்சல் நாளைக்கு வரும். மருந்தை இண்டைக்கே குடி."

கோணல் வகிடு

பூரணத்துக்குத் தலைவாரி விடுகிறவன் நான்தான். கோலுக்கு அடங்கின கை சீப்புக்கு அடங்காது, வகிடு வரம்பு உடைந்த வாய்க்கால் மாதிரிப் போகும். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை என்று கச்சேரிக்கு எழுதிப்போட்டார். விதானையாரும் தன் பங்குக்கு, தகப்பன் குடிகாரன் என்று ஒரு கடுதாசி வைத்தார். விசாரணைக்கு ஆள் வரும், பிள்ளையைப் பட்டணத்து அநாதை மடத்தில் சேர்ப்பார்கள் என்று கதை வந்தது. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? வகிட்டைப் பற்றி வாத்தியார் கேட்டபோது பூரணம் சொன்ன பதிலைப் பிறகுதான் அறிந்தேன்:

"நேரா எடுக்க எனக்குத் தெரியும் சேர். அப்பாக்கு ஆசை, அதான் விட்டிருக்கன்."

கச்சேரி ஐயா ஏறிய தோணி

ஒருநாள் காற்சட்டை போட்ட ஐயா ஒருவர் துறையில் வந்து நின்றார். என் கையைக் கண்டதும் கொப்பியில் எழுதினார். விசாரிக்க வேண்டிய வீடோ அக்கரையில், தோணியோ என்னுடையது. வேறு வழியில்லாமல் ஏறினார். பூரணம் அவருக்கு எதிரே குந்தியிருந்தாள்.

நடு வாவியில் கச்சான் காற்று பிடித்தது. என் கை கோலில் கல்லாக நின்றது. ஐயா இரண்டு பக்கமும் தோணியைப் பிடித்துக்கொண்டு தலை முதல் கால் வரை நடுங்கினார். பூரணம் என் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ஐயாவும் குடிச்சிருக்காரா?"

நான் அவளை அடக்கவில்லை. கரையில் இறங்கிக் கோலை வைத்தேன், கை மறுகா ஆடத் தொடங்கியது. ஐயா என் கையையும் கோலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினதை வெட்டினார்.

"பிள்ளை உன்னோடயே இருக்கட்டும். திரும்பிப் போகத் தரைவழி ஏதும் இருக்கா?"

அதற்குப் பிறகு கச்சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை, விதானையார் மட்டும் அந்த மணக்காத சாராயத்தை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.