சிவப்பு பிளாஸ்டிக் சுற்றிய ஒன்பது செடிகள்

ஊறுகாய்க்கு நறுக்கிய நார்த்தங்காயின் விதையை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று என் கணவர் கேலி செய்தார். நான் பத்திரப்படுத்தினேன். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் மாடிப்படி ஓரம், பழைய பெயிண்ட் டப்பாக்களில் விதைத்து ஒன்றரை வருஷம் வளர்த்தேன். பென்சில் கனத்துக்குத் தண்டு வந்தவை ஒன்பது.

நார்த்தங்காய்க்காக நான் அவற்றை வளர்க்கவில்லை. செம்பரம்பாக்கத்தில் என் அண்ணன் நிலத்தில் ஒரு கிச்சிலி ஆரஞ்சு மரம் இருந்தது. அந்தப் பழத்தை உரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார், அப்படி ஒரு வாசனை. அதே பழம் வர, அந்த மரத்தின் இலைமொட்டை நார்த்தைத் தண்டில் ஒட்டுவதாகத் திட்டம். அதற்குள் அண்ணன் நிலத்தை குடோன் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அடித்துப் பிடித்து ஓடி, மொட்டுள்ள நாலு குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். மறுவாரமே ஜேசிபி மரத்தைத் தள்ளிவிட்டது. அந்த நாலு குச்சிகளைத் தவிர அந்த மரத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை.

தண்டின் பட்டையை பிளேடால் கீறி, லேசாகத் தூக்கி, சீவியெடுத்த மொட்டை உள்ளே செருக வேண்டும். பிறகு தண்ணீர் புகாமல் இறுக்கிச் சுற்றி, மூன்று வாரம் தொடாமல் இருக்க வேண்டும். சுற்றுவதற்கு வீட்டில் கிடைத்தது ஒரு துணிக்கடைப் பை. சிவப்பு நிறம். அதை நாடா நாடாவாக நறுக்கிச் சுற்றினேன். அதில் என்ன குற்றம் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அமாவாசை. ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், ஒன்பது நாடாவும் அவிழ்ந்து குழாயடியில் கிடக்கின்றன. டப்பாக்களில் மஞ்சள் தண்ணீர். மொட்டுகள் உதிர்ந்து மண்ணில் கிடந்தன. எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யாருடி இதைப் பிரிச்சது?"

"நான்தாங்கா. எம் புள்ள மூணு இண்டர்வியூ போய் மூணும் புட்டுக்கிச்சு. பூந்தமல்லில மந்திரிக்கிறவராண்ட போனேன். ஊட்டாண்ட புச்சா இன்னா கீதுன்னு கேட்டாரு. எலுமிச்ச செடி ஒம்போது, செவப்பு கட்டிக்கீதுன்னேன். அதான் செய்வினை, அமாவாசையில அவுத்து உடுன்னாரு."

நார்த்தைக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் தெரியாதது போகட்டும். ஒட்டு வீணானதும்கூடப் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அதையும் சொல்லிவிடலாம். பதினோரு வருஷமாக என் வீட்டுக் குழம்பு அவள் வீட்டுக்கும் அவள் வீட்டு வடை என் வீட்டுக்கும் போய் வந்திருக்கிறது. அவளுடைய பையனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்துக் கொடுத்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "இன்னாக்கா இது" என்று கேட்டிருந்தால் என்ன? கேட்காமல் பூந்தமல்லிக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். கத்தினேன். மேல்மாடிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

மொட்டு போனாலும் நார்த்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம் பாட்டுக்குத் துளிர்த்து, முள்ளும் இலையுமாகத் தழைத்து நிற்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஆனாலும் ஊற்றுகிறேன்.

ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு காலை அவளே வந்தாள். பையனுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டதாம். தட்டில் லட்டு, வெற்றிலை பாக்கு, பூ.

நான் தட்டைத் தொடவில்லை. "நான் செஞ்சிருப்பேன்னு நீ நம்பினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுக்கா. அதான் எல்லாம் சரியாப் பூடுச்சே. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. உன்ன அப்பவே மன்னிச்சுட்டேன்."