பக்கத்து வயலின் கதிர்கள்

நார்த் டகோட்டாவின் அந்த மூலையில் ஆர்லின் ஸ்காக்ஸ்டாடின் கோதுமைக்குத் தனிப் பெயர் இருந்தது. மாவட்ட விவசாயக் கண்காட்சியில் சிறந்த கதிர்க்கட்டுக்கு முதல் பரிசாகத் தரும் நீல ரிப்பன் பதினோரு வருடத்தில் ஒன்பது தடவை அவருக்குத்தான். அடுத்தவர் வயலில் களை தெரிந்தால் போதும், காபிக்கடையில் வந்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார்.

அந்த ஜூலையில் புயல்மழை அடித்து ஓய்ந்த பிறகு அவர் பயிரின் இலைகளில் பழுப்புக் கீற்றுகள் ஓடின. தொட்டால் காய்ந்த பசைபோல் இருந்தது. பூஞ்சைக்கு மருந்தடித்தார். கேட்கவில்லை. பயிர்நோய் பார்த்துச் சொல்லும் ரோண்டா வந்து இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பூஞ்சை இல்லீங்க, பாக்டீரியா. எந்த மருந்துக்கும் போகாது. விதையிலயும் தங்கும். இதுலேர்ந்து மட்டும் விதை எடுத்துடாதீங்க."

"என் விதையிலயா நோய்? போம்மா, வேற வேலையிருந்தா பாரு."

பத்து நாளில் கதிர்களின் உமி கறுத்தது. கண்காட்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி மனைவி ஆர்டிஸைத் தனியாகச் சர்ச்சுக்கு அனுப்பினார். சமையலறைக் கத்திரிக்கோலோடு பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்மாரின் வயலுக்குள் போனார். சாலையில் கார் சத்தம் கேட்டதும், அறுபத்து மூன்று வயது மனிதர் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

ரிப்பன் கிடைத்தது. கூட்டத்தில் முதலில் கை குலுக்க வந்தவர் டெல்மார்.

"அதே ரகம்தான் நானும் போட்டிருக்கேன். இந்த மாதிரி வரலையேய்யா எனக்கு! அறுப்பு முடிஞ்சதும் உன் கோதுமைல ஒரு வண்டி விதைக்குக் குடு."

"பாக்கலாம்" என்றார் ஆர்லின். அவர் காது சுட்டது.

ஆகஸ்ட் கடைசியில் டெல்மார் லாரியோடு வந்து நின்றார். "அள்ளிக்கிட்டுப் போங்க, நிறைய இருக்கு" என்றாள் ஆர்டிஸ் வாசலில் நின்று. டெல்மார் தானியக் கொட்டகைப் பக்கம் நடந்தார். பேசாமல் இருந்துவிட்டால் அந்த நோய் டெல்மார் நிலத்துக்கும் போய்விடும். ஆர்லின் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம் டெல்மார். என் கோதுமைல நோய் இருக்கு."

"ரிப்பன் வாங்கின கோதுமையில என்னய்யா நோய்?"

"அது என்னுது இல்ல. உன் வயல்ல வெட்டினது. நாந்தான் வெட்டினேன்."

டெல்மார் தொப்பியைக் கழற்றினார்.

"வடக்கு ஓரத்துல வெட்டியிருந்ததைப் பார்த்தேன். விவசாயக் காலேஜ்காரங்க ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். பெருமையாக்கூட இருந்துச்சு."

காலி லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆர்டிஸ் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "சாப்பாடு ஆறுது" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் ஆர்லின் ரிப்பனைத் திருப்பிக் கொடுக்கக் கண்காட்சி அலுவலகத்துக்குப் போனார். "ஏன், என்ன காரணம்?" என்று உரக்கக் கேட்டாள் அலுவலகப் பெண். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னார்.

காபிக்கடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்கு மாறியது. ஒருத்தனாவது கேலி செய்திருக்கலாம்.

டெல்மார் இப்போதும் எதிரில் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைக்கிறார். ஆர்லின்தான் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்.